சந்திரம்மா பேரை எடுக்கச் சொல்லு

ஃபைலு இங்கதான் இருக்கு. எங்கயும் போகல. தர்றேன், மொதல்ல அந்த ஸ்டூல்ல உக்காரு. திங்கக்கிழம மேடம் மேடம்னு கூப்ட்டேன், இன்னிக்கி வாய்ல வரல. தப்பா எடுத்துக்காத. எடுத்துக்கினாலும் பரவால்ல.

ஆமா, தொறந்தேன். படிச்சேன். நீ விட்டுட்டுப் போன அன்னிக்கே உனக்கு ஃபோன் போட்டேன். பில்லுல நீ குடுத்த நம்பர்ல எவனோ எடுத்து முனிராஜுன்னான், ஒசூர்ல சிமெண்டு லோடு இறக்கிக்கினு இருக்கான். சரி, பாவம், அந்தப் பொண்ணு தேடிக்கினு இருக்கும், உள்ள வேற நம்பரு இருக்குமான்னு தொறந்தா, ஏதோ படத்தோட கத, மொத பக்கத்துலயே என் பேரு. சிந்து, இருபத்தோரு வயசு, மாநிறம், சிரிச்ச முகம். பக்கத்துல பேனால சஹானான்னு எழுதி ரவுண்டு போட்டிருக்கு. படத்துல நீதான் நானாம்.

பிளவுஸு துணி ஒரு சாக்கு, இல்ல? அளவு எடுக்கக்கொள்ள என் கையவே பாத்துக்கினு இருந்த. எங்க வளந்தீங்க, க்ளோஸ் ஃப்ரெண்டு யாரும் இல்லியான்னு கேட்ட. நானும் லூசு மாதிரி பதில் சொல்லிக்கினு இருந்தேன். நான் பல்லுல நூல கடிச்சா நீயும் வாய அப்டி வெச்சிப் பாத்த. ஈஜிபுரா சந்துல டைலர் கடை போட்டு ஒருத்தி உக்காந்து ஊக்கு தெக்கறா, அவள வேடிக்க பாக்க வர்றதுக்கு இது என்ன ஜூவா?

உன் டைரக்டர் கிருத்திகா அனுப்பல, நீயாதான் வந்தியா? சரி, நம்பறேன்னு வெச்சிக்கோ. அட்ரஸ் மட்டும் அவ குடுத்தாளாக்கும். கிருத்திகாவுக்கு என் கடை அட்ரஸ் தெரியுது, வர வழி தெரியல.

தண்ணி வேணுமா? வேணாமா? அப்ப கேளு.

உன் டைரக்டரும் நானும் காக்ஸ் டவுன்ல ஒரே காம்பவுண்டு. வரிசையா ஆறு வீடு, நடுவுல ஒரு கொழா. அவங்க ரெண்டாவது வீடு, நாங்க அஞ்சாவது. யூகேஜிலர்ந்து பி.காம் வரைக்கும் ஒண்ணாவே போனோம், ஒண்ணாவே வந்தோம். அவளுக்கு அம்ம போட்டப்போ எனக்கும் போட்டுச்சு. இதெல்லாம் அழகாத்தான் எழுதிருக்கா, நான் இல்லன்னு சொல்லல.

அப்புறம்? பெருசாயிட்டாங்களாம். ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்களாம். ஃபோனு கொறஞ்சிதாம், நின்னுபோச்சாம். யார் மேலயும் தப்பில்ல, வயசு அப்டியாம். கடைசில ரெண்டு பேரும் மெட்ரோல எதிரெதிர் ட்ரெயின்ல பாத்துக்கறாங்க, சிரிக்கறாங்க, கதவு மூடிக்குது. நீ அதப் படிச்சிட்டு அழுதியா? அழுதேன்ற. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. யார் மேலயும் தப்பில்லன்னு சொல்ல இவ யாரு?

கத்தல. என் கொரலே இப்டித்தான். இதையும் குறிச்சிக்கோ, உனக்கு யூஸ் ஆகும்.

ஏழாவது சீன் எடு. அந்தப் பக்கத்து வீட்டுப் பொம்பள வந்து காட்டிக் குடுக்கற எடம். அத தூக்கச் சொல்லு உன் டைரக்டர்கிட்ட. மத்தது எப்டி வேணா எடுத்துக்கோங்க.

பேர மாத்தினா போதுமா? என்ன பேசற நீ? மூணாவது வீடு, ஸ்கூல்ல ஆயா வேல, ஒண்டி ஆளு, கன்னடம் பேசறவங்க. எங்க காம்பவுண்டுல அது யாருன்னு யாருக்குத் தெரியாது? நாளைக்கு யூட்யூப்ல போடுவீங்க. கோலார்ல உக்காந்துக்கினு அவங்க பேரப் பசங்க பாக்கும். பாட்டி இப்டித்தான்னு.

நடந்தத நான் சொல்றேன். கிருத்திகாவுக்குப் புனேல சினிமா படிப்புக்கு சீட்டு கெடைச்சிது. வீட்ல பேங்க் கோச்சிங்னு சொல்லிக்கினு, திருட்டுத்தனமா எக்ஸாம் எழுதி வாங்கினா. அவ அப்பா எத்திராஜ் மாமா கைய ஓங்காம பேசத் தெரியாத ஆளு. அதனால சொல்லாமலே ஓடிடலாம்னு முடிவு. அந்த பேக்க வீட்ல வெச்சிக்க முடியாதுல்ல? அந்த மூணாவது வீட்டு சந்திரம்மாதான் அவங்க கட்டிலுக்குக் கீழ எடம் குடுத்தாங்க. பயப்படாத மகளே, போய் படின்னாங்க. ஆக, விஷயம் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. அவங்களுக்கு, எனக்கு.

காலைல ட்ரெயினு. மொத நாள் சாயங்காலமே மாமாக்குத் தெரிஞ்சிபோச்சு. நேரா சந்திரம்மா வீட்டுக்குப் போய் பேக்க இழுத்து வெளிய போட்டாரு. மார்க்ஸ் கார்டு எல்லாத்தையும் பீரோல வெச்சிப் பூட்டினாரு. அவர் விட்ட அறைல அவளுக்கு எடது காதுல ரெண்டு வாரம் ஙொய்னு சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு. சீட்டு போச்சு. ஒரு வருஷம் வாசப்படி தாண்ட விடல.

யாரு சொன்னாங்கன்னு கேள்வி வந்தா, வேற யாரு? சந்திரம்மாதான்னு எல்லாருமே முடிவு பண்ணிட்டாங்க. ஓடிப்போக நெனச்ச பொண்ணுக்கும் கோவம், ஓடறதுக்கு ஒத்தாச பண்ணாங்களேன்னு அம்மாக்காரிக்கும் கோவம். அவ அம்மா சொர்ணம் அத்த, கொழாகிட்ட எல்லார் எதிர்லயும் அந்தம்மா கொடத்த எட்டி உதச்சாங்க. இவ ஜன்னல்ல நின்னுக்கினு கத்தறா, நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்கன்னு. சந்திரம்மா குனிஞ்சாங்க. உருண்டுபோன கொடத்த எடுத்தாங்க, கழுவினாங்க, திரும்ப வரிசைல வெச்சாங்க. ரெண்டு மாசத்துல வீட்ட காலி பண்ணிட்டு கோலார்ல பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாங்க. பதினெட்டு வருஷம் இருந்த வீடு.

அவங்க சொல்லலன்னு எனக்கெப்டித் தெரியும்னு கேக்கற. இரு, சொல்றேன். ஒம்பதாவது சீன் எடு. நீ மஞ்ச கலரு அடிச்சி வெச்சிருக்கியே, அது.

அடைச்சி வெச்சிருந்தப்போ நான் டெய்லி போவேன். என்ன மட்டும் உள்ள விடுவாங்க. அவ என் மடில தலய வெச்சிக்கினு அழுவா, எனக்கு நீ ஒருத்திதான்டின்னு. அது நெஜம். அத அப்டியே எழுதிருக்கா. ஆனா கீழ பாரு, சிந்துவும் அழறா, அவ கண்ணீரு கிருத்திகா நெத்தில விழுதுன்னு போட்டிருக்கு. அது தப்பு. நான் அழல. ஒரு சொட்டு கூட அழல. அவ அப்பாகிட்ட சொன்னதே நான்தானே, அப்புறம் எப்டி அழ வரும்?

என்ன அப்டி பாக்கற? பில்லுல பொய் நம்பர எழுதினப்போ உனக்கு உறுத்துச்சா?

காம்பவுண்டு கேட்டுகிட்ட நின்னு சொன்னேன். ஃபேக்டரிலர்ந்து மாமா வண்டியத் தள்ளிக்கினு வர்றாரு. மாமா, நாளைக்கு கிருத்தி ட்ரெயின்ல போறா, பேக்கு சந்திரம்மா வீட்ல இருக்குன்னேன். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமான்னேன். சொல்லவே இல்ல மனுஷன். போன வருஷம் போய்ச் சேந்துட்டாரு, அதுவரைக்கும் சொல்லல. வாசல்ல பெருக்கிக்கினு இருந்த சந்திரம்மா நிமுந்து என்னப் பாத்தாங்க. கொழாகிட்ட கொடம் உருண்டப்பவும் என்னத்தான் பாத்தாங்க. அப்ப ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் அவங்க. ஏன் சொல்லலன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல. கேக்கறதுக்குன்னு ரெண்டு தடவ கோலார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். எறங்கினேன், அங்கயே ஒரு மணிநேரம் நின்னேன், வந்த பஸ்லயே திரும்பிட்டேன்.

ஏன் சொன்னேனா? அன்னிக்கி மத்தியானம் அவ ஏழு குர்தாவ ஒண்ணொண்ணா மேல வெச்சிக் காட்றா. இது புனேக்கு நல்லாருக்குமா, அது நல்லாருக்குமான்னு. அப்டி ஒரு குஷி மூஞ்சில. எங்க வீட்ல அந்த வாரந்தான் என்னப் பொண்ணு பாத்துட்டுப் போயிருந்தாங்க. அவளுக்கும் தெரியும். நீ என்னடி பண்ணப் போறன்னு ஒரு தடவ கேக்கல. கேட்டிருந்தா சொல்லாம இருந்திருப்பேனான்னு கேக்காத. எனக்கே தெரியாது.

அடுத்த வருஷம் அவ எப்டியோ சண்ட போட்டு சென்னைக்குப் போனா. டெய்லி ஃபோன் பண்ணா. நான் எடுக்கல. நாப்பது மிஸ்டு கால் வந்த அன்னிக்கி சிம்ம மாத்திட்டேன். இவ எழுதிருக்கா, வாழ்க்க பிஸியாயிடுச்சின்னு. எனக்கு என்ன பிஸி? கல்யாணம் பண்ணேன், அதுவும் நிக்கல, கடை போட்டேன். அவ கொரல கேட்டா வாய்ல வந்துடும்னு பயம், அவ்ளோதான்.

இந்தா உன் ஃபைலு. ஏழாவது சீன்ல சந்திரம்மா பேர அடிச்சிட்டு, சைடுல என் பேர எழுதிருக்கேன். நீ எதுவும் வெளக்கம் சொல்ல வேணாம். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். வர்றதுன்னா வரட்டும், அடிக்கறதுன்னா அடிக்கட்டும். படமே வேணாம்னு கிழிச்சிப் போட்டாலும் சரி.

ஃபோன உள்ள வை. இப்ப கூப்பிடாத. நீ போனப்புறம் அவ படிக்கட்டும்.

நீ அந்த ஒம்பதாவது சீன நடிக்கறதா இருந்தா மட்டும் இத கேட்டுக்கோ. அவ என் மடில கெடந்து ஏங்கி ஏங்கி அழறா. அறை வாங்கின அந்தக் காத நான் மெதுவா தடவிக் குடுக்கறேன். பாவம்னு தோணவே இல்ல எனக்கு. அப்பாடா, இவ எங்கயும் போகலன்னு அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு.