தீர்த்தம் ஊற்றிய பற்றரி

1994ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 17ஆம் திகதி திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, முல்லைத்தீவு மாவட்டம் மாதாகுடியிருப்பில், மரண விசாரணை அதிகாரியாகிய என் முன் வந்த சாட்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

பெயர்: சந்தியோகு நேசமலர். வயது: 54. விவாகமாகாதவர். சமயம்: உரோமன் கத்தோலிக்கம். படிப்பு: ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை. விலாசம்: கோயிலடி வீதி, மாதாகுடியிருப்பு. இறந்தவருக்கு உறவு: தகப்பனின் தமக்கை.

சாட்சி சொல்வதாவது:

இறந்த பிள்ளை கிறகோரி டிலுசா, வயது நாலரை. என் ஒரே தம்பி கிறகோரியின் ஒரே மகள். எங்கள் தாய் செத்தபோது தம்பிக்கு ஆறு வயது, அவனை வளர்த்தது நான். பிள்ளை என்னை மாமி என்று கூப்பிடும். பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடப் பழக்கியதும் நான்தான். தாய்க்கு அது இன்றைக்கும் ஒழுங்காக வராது. தாய் ஜெயரூபினி வற்றாப்பளைப் பக்கத்துச் சைவப் பெண். தம்பி விரும்பிக் கட்டினான். கலியாணத்துக்கு முதல் நாள் சுவாமி அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தலையில் தண்ணீர் ஊற்றினவுடன் ஒருத்தி வேதக்காரி ஆகிவிடுவாளா என்று நான் அன்றைக்கே கேட்டேன். (இது விசாரணைக்கு வேண்டியதில்லை என்று சாட்சிக்குச் சொல்லப்பட்டது. அதன் பிறகு தொடர்ந்தார்.)

தம்பி ஏ-40 கார் ஒன்று வைத்து ஊருக்குள் ஹயர் ஓடினவன். 1992ஆம் ஆண்டு ஆவணி மாதம் அவன் ஜேர்மனிக்குப் போக வெளிக்கிட்டபோது, காரை விற்க மனமில்லாமல் என் வளவில் ஓலைக் கொட்டில் போட்டு நிறுத்தினான். ரயர் நிலத்தில் படாமல் நான்கு பக்கமும் கல் அடுக்கினான், எலி வராமல் இருக்க வேப்பிலை போட்டான், பற்றரியைக் கழற்றி என் வீட்டு அறையில் பலகைக்கு மேல் வைத்தான், அதன் பிறகு மேலே படங்கு போட்டு மூடினான். கார்த் திறப்பை எடுத்து மனைவி கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் சொன்னது எனக்கு இப்போதும் பாடம். "அக்கா, மாசத்துக்கு ஒருக்கா கராச் றஜித்தைக் கூப்பிட்டு, பற்றரியைப் பூட்டி, பெற்றோல் இல்லாதபடியா மண்ணெண்ணெயில பத்து நிமிசம் ஓட விடோணும். வேப்பிலையை மாத்தோணும். பற்றரியில தண்ணி குறைஞ்சா வெள்ளைச் சீலை கட்டிப் பிடிச்ச மழைத்தண்ணி மட்டும்தான் விடலாம். எங்கட கிணத்துத் தண்ணி உவர். உப்புப் பட்டா பற்றரி செத்துப் போம்" என்றான். நான் ஓம் என்று வீட்டு மாதா சுரூபத்தில் கை வைத்துச் சொன்னேன்.

1993ஆம் ஆண்டு மார்கழி நத்தார்ப் பெருநாள் வரைக்கும் றஜித் மாதாமாதம் வந்து காரை ஓட விட்டார். அதன் பிறகு நான் அவரைக் கூப்பிடவில்லை. காரணம் கேட்டதற்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் கரண்ட் இல்லை, மெழுகுதிரி கிடைக்காது, மாதா இருட்டில் இருந்தா. அந்தப் பற்றரியில் ஒரு சின்னப் பல்ப்பைக் கொளுவி, நீலக் கடதாசி சுற்றி, சுரூபத்துக்கு முன் இரவுச் செப நேரம் மட்டும் எரிய விட்டேன். சனம் வந்து பார்த்துக் கும்பிட்டுப் போனது. றஜித் வந்தால் பற்றரியைக் கழற்றச் சொல்லுவார் என்பதால் மண்ணெண்ணெய் இல்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் மண்ணெண்ணெய் இருந்தது.

அதன் பிறகு ஆனி மாதமளவில் வெளிச்சம் மங்கியது. மூடியைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் குறைந்திருந்தது. மழை இல்லை. வீட்டில் சுவாமி மந்திரித்துத் தந்த ஒரு போத்தல் தீர்த்தம் இருந்தது. மழைத்தண்ணீரை விடத் தீர்த்தம் விசேஷம்தானே என்று ஆறு ஓட்டைக்குள்ளும் மூன்று தரம் அருள்நிறை மந்திரம் சொல்லி ஊற்றினேன். பல்ப் அன்றைக்கே நின்றது. பிறகு எரியவேயில்லை. சனத்துக்குப் பல்ப் பியூஸ் என்று சொன்னேன். தம்பிக்கு எழுதும் கடிதங்களில் மாதாமாதம் தலை வெள்ளிக்கிழமை கார் ஓட விடுவதாக எழுதினேன். புரட்டாதி மாதக் கடிதத்திலும் அப்படியே எழுதினேன்.

வேப்பிலை மாற்றினீர்களா என்று கேட்டதற்கு: மாற்றவில்லை. சீற்றுக்குள் எலி குட்டி போட்டிருந்தது தெரியும். டிலுசா படங்கைத் தூக்கி உள்ளே பூந்து, தகப்பன் இருந்த இடத்தில் இருந்து ஸ்டியறிங் பிடித்து, "மாமி, அப்பாட்டப் போறன், ஏறுங்கோ" என்று விளையாடும். நான் மறிக்கவில்லை. கார்க் கதவு பூட்டு விழாத கதவு.

14ஆம் திகதி வெள்ளிக்கிழமை பின்நேரம் மூன்று மணிக்கு, செபமாலை மாதமானபடியால், நான் முழந்தாளில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றேகால் போலப் பிள்ளை கத்தியது கேட்டது. அதன் பிறகு தாய் கத்தினது கேட்டது. நான் கடைசியான ஐந்தாம் பத்துச் செபத்தில் இருந்தேன். தொடங்கின பத்தை இடையில் விட்டு எழும்பக்கூடாது என்பதால் முடித்துவிட்டுப் போனேன்.

போனபோது தாய் பிள்ளையைக் கொட்டிலுக்கு வெளியே தூக்கி வைத்திருந்தாள். வலது புறங்கையில் இரண்டு பல் பட்டிருந்தது. சீற்றுக்குக் கீழே நாகபாம்பு கிடந்ததை நானும் கண்டேன். சீலைக் கரையைக் கிழித்துப் பிள்ளையின் கையைக் கட்டினோம். அதன் பிறகு நான் தீர்த்தப் போத்தலை எடுத்துவந்து கடிவாயில் ஊற்றினேன். பற்றரிக்கு ஊற்றின அதே போத்தல்தான். பிள்ளை "எரியுது மாமி" என்றது.

அந்த நேரம் ஏரம்பு என்பவர் உழவு மெசினில் வைக்கல் ஏற்றிக்கொண்டு வீதியால் வந்தார். அழுகுரல் கேட்டு நிறுத்தினார். ஏரம்பு எங்கள் வீட்டுக் குசினி வாசலுக்கு மேல் வராத ஆள். "அம்மா, பிள்ளையைத் தாங்கோ. நான் புதுக்குடியிருப்புக்குத்தான் போறன். வைக்கலுக்கு மேல கிடத்தினா அரை மணித்தியாலத்தில ஆசுப்பத்திரி" என்றார். தாய் பிள்ளையோடு படலைக்கு ஓடினாள். நான் முன்னுக்குப் போய்ப் படலையைப் பிடித்துக்கொண்டு, "எங்கட வளவுக்க கார் நிக்கேக்க உன்ர வைக்கலுக்கு மேலயோ எங்கட பிள்ளை போறது? நீ போ ராசா, உன்ர மாடு பாத்துக்கொண்டு நிக்கும்" என்று சொன்னேன்.

ஏரம்பு தாயைப் பார்த்து, "தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ" என்றார். தாய் என்னைப் பார்த்து, "மச்சாள், கார் ஓடுமோ?" என்று கேட்டாள். "தலை வெள்ளிக்குத் தலை வெள்ளி ஓடுற கார் இண்டைக்கு ஏன் ஓடாது? புருசனுக்குத்தான் என்னில நம்பிக்கை, உனக்கு இல்லைப் போல" என்று நான் சொன்னேன். அவள் திரும்பி வந்தாள். ஏரம்பு போனார்.

அதன் பிறகு அவள் திறப்பைக் கேட்டாள். திறப்பு சுரூபத்துக்குக் கீழே இருந்தது. மாதாவைக் கேளாமல் எடுக்கக்கூடாது, முதலில் முழந்தாளில் இருந்து விசுவாசப் பிரமாணம் சொல்லு என்றேன். அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். நடுவில் பிழை விட்டாள். திரும்ப முதலில் இருந்து சொல்லச் சொன்னேன். இரண்டாம் தரமும் பிழை விட்டாள், திரும்பவும் சொல்லச் சொன்னேன். அப்படிச் செய்ததற்குக் காரணம் கேட்டதற்கு: விஷம் ஏறாமலும் விடலாம், எல்லாக் கடியிலும் விஷம் இல்லை, கொஞ்ச நேரம் போனால் பிள்ளை தானாக எழும்பும், காரைத் தொட வேண்டி வராது என்று நினைத்தேன். பிள்ளையின் கண் இமை அப்போது கீழே விழுந்துகொண்டிருந்தது.

அவள் மூன்றாம் தரம் சொல்லாமல் எழும்பி, சுரூபத்தைத் தன் கையால் தள்ளித் திறப்பை எடுத்தாள். நான் ஏசினேன். அவள் படலையில் நின்று கத்த, சந்தியில் கராச் வைத்திருக்கும் றஜித் ஓடி வந்தார். பாம்பை அடித்தார். ஜாக்கி வைத்துக் கல்லை எடுத்து ஒவ்வொரு பக்கமாகக் காரை இறக்கினார். அதன் பிறகு அறைக்குள் இருந்த பற்றரியைத் தூக்கி வந்து பூட்டித் திறப்பைப் போட்டார். ஒரு சத்தமும் இல்லை. முன்னுக்குக் கம்பி கொடுத்துச் சுற்றினார், கார் பிடிக்கவில்லை. பற்றரியின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது.

"நேசமலரக்கா, இதுக்குள்ள என்ன விட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"தீர்த்தம்" என்றேன்.

"சுவாமி உப்புப் போட்டெல்லோ தீர்த்தம் மந்திரிக்கிறவர்" என்றார். எனக்கும் அது தெரியும். உப்பு மந்திரிக்கிறதைச் சின்ன வயதில் இருந்து ஒவ்வொரு திருநாளிலும் பார்க்கிறேன். ஊற்றும்போது மனதில் படவில்லை.

தாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. றஜித்தின் சைக்கிளில் பின்னுக்கு ஏறிப் பிள்ளையை மடியில் வைத்தாள். அப்போது நாலேகால் மணி. ஆசுப்பத்திரி ஏழு மைல்கட்டை தூரம். நான் படலையில் நின்று செபமாலை முடிவில் சொல்லாமல் விட்ட மாதா பிரார்த்தனையைச் சொன்னேன். நான்காம் கட்டைப் பாலத்தடியில் பிள்ளையின் மூச்சு நின்றதென்று றஜித் வந்து சொன்னார். தாய் அதற்குப் பிறகும் சைக்கிளை நிறுத்த விடவில்லையாம். அவர்கள் ஆசுப்பத்திரி வாசலுக்குப் போனபோது ஏரம்பு வைக்கலை இறக்கிவிட்டு எதிர்க் கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததாக றஜித் சாட்சி சொன்னது உண்மை என்றே நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தோம். பிள்ளையின் கையில் வைக்க நான் என் செபமாலையைக் கொடுத்தேன். தாய் அதை வாங்கி என் காலடியில் வைத்துவிட்டு, காரின் திறப்பைப் பிள்ளையின் கையில் வைத்தாள். அது தம்பி என்னை நம்பித் தந்த திறப்பு, தோண்டியாவது எடுத்துத் தரும்படி ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன். (அப்படிச் செய்ய முடியாது என்று சாட்சிக்குச் சொல்லப்பட்டது.)

கேள்வி: ஏரம்புவின் உழவு மெசினைத் திருப்பி அனுப்பியபோது பற்றரி பழுது என்று உங்களுக்குத் தெரியுமா?

பதில்: மாதா மனம் வைத்தால் செத்த லாசரே எழும்பினவர் ஐயா, பற்றரி என்ன பெரிய சாமான்.

கேள்வி: தெரியுமா, தெரியாதா?

பதில்: அவள் தம்பிக்கு எழுதிப் போட்டுவிடுவாள் என்று பயந்தேன்.

கேள்வி: கேட்டதற்குப் பதில் சொல்லவும்.

பதில்: ஓம். தெரியும்.

இவ்வளவும் என் வாயால் வந்தவை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கடைசிப் பதிலை மட்டும் வெட்டிவிடும்படி கேட்டேன், வெட்ட முடியாது என்று சொன்னார்கள். ஜேர்மனிக்கு ஒரு பிரதி போகுமா என்று கேட்டேன், தகப்பன் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். சொன்னதெல்லாம் மெய், பொய் ஒன்றும் இல்லை என்று தேவ பயத்தோடு ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) ச. நேசமலர்