எச்சில் தொட்ட சுவர்

எல்லாரும் சாப்பிட்டு முடித்தாயிற்றுதானே? நல்லது. வயிற்றில் பசியோடு கேட்கிற கதை இல்லை இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவு அப்படியே இருக்கட்டும்.

பிற்பகல் மூன்றரை மணி. ஆமாம், பட்டப்பகல்தான்... பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? பேருந்து இறக்கிவிட்டுப் போனபின் அந்தச் சாலையில் ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். சாலைக் கோடியில் ஒரு பழைய வீடு. அதை நோக்கி நடந்தவள் என் சிநேகிதியின் நாத்தனார்.

நாத்தனாருக்குப் பழைய வீடுகளைக் காப்பாற்றும் வேலை. நூறு வருட அழுக்கை எடுத்து, அடியில் இருக்கும் பூச்சை வெளியே கொண்டுவருவாள். இந்த அறை இன்னது, இங்கே இன்னார் இருந்தார் என்று அறிக்கை எழுதித் தருவாள். எதை வைத்துச் சுத்தம் செய்வாள் தெரியுமா? எச்சில். முகத்தைச் சுளிக்காதீர்கள், அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது சகஜம். தண்ணீருக்கு மசியாத பிசுக்கு எச்சிலுக்கு மசியும். பஞ்சை முன்பல்லால் கிள்ளி, குச்சியில் சுற்றி, வாயில் நனைத்து, சுவரில் உருட்ட வேண்டும். விதி ஒன்றே ஒன்றுதான். சுவரைத் தொட்ட பஞ்சு நேரே குப்பைக்கு... மறுபடி வாய்க்குப் போகவே கூடாது.

அவளுடைய மேல்வரிசை முன்பல்லில் ஒன்று சின்ன வயதிலேயே உடைந்தது. வேலையிடத்தில் அவளுக்குப் பெயரே மூளி.

வீட்டின் முன்கூடத்தில் பன்னிரண்டு படங்கள், பன்னிரண்டும் மீசைகள். வீடு இப்போது அதைக் கட்டியவரின் கொள்ளுப்பேரன் கையில். அதை ஊரார் வந்து பார்க்கும் காட்சியகமாக்கப் போகிறாராம். சமையலறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. வருகிறவர்களுக்குக் கழிப்பறை அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டார். அறையில் காப்பாற்ற ஏதாவது இருக்கிறது என்று நாத்தனார் எழுதினால் மட்டும் கை வைக்க முடியாது. சனிக்கிழமைக்குள் அவள் அறிக்கை தர வேண்டும்.

அந்த அறைக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது நாற்றம். பல நாள் சாப்பிடாதவர்கள் வாயைத் திறந்தால் வருமே... அது. சுவரில், உட்கார்ந்திருப்பவரின் முக உயரத்தில், தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்புப் பிசுக்கு.

பஞ்சை நனைத்து உருட்டினாள். குப்பையில் போட்டாள். இன்னொன்று... இன்னொன்று. பிசுக்கு வழவழவென்று கழன்று வந்தது. அடியில் சுண்ணாம்புப் பூச்சு குழிந்திருந்தது. உளியால் வெட்டிய குழி இல்லை, நக்கி நக்கித் தேய்ந்த குழி. ஓரம் முழுக்கச் சின்னச் சின்னக் கீறல்கள், இரண்டிரண்டாக. நாத்தனார் தன் பல்லை நாக்கால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

அப்போது தொலைபேசி அடித்தது. கொள்ளுப்பேரன்தான். அறையைப் பற்றிக் கேட்டாள்.

"அதுவா? அது சமையக்காரி ரூமுங்க. எங்க வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ருசி பாத்த கரண்டியக் கழுவாம திரும்ப சட்டியில விட்டுட்டாளாம். தாத்தாவோட அப்பா கண்ணுல பட்டுருச்சு. நாலு நாள் பட்டினி கிடந்தாத்தான் புத்தி வரும்னு உள்ள தள்ளிப் பூட்டிட்டு வெளியூர் போயிட்டாரு. திரும்பி வர மூணு வாரம் ஆயிடுச்சு... சாவி அவரு சட்டைப் பையிலயே இருந்திருக்கு. பாவம், மனுஷன் மறந்துட்டாரு."

"அந்தம்மா பேரு என்னங்க?"

"பேரா? அதெல்லாம் யாருக்குங்க தெரியும்? சமையக்காரி, அவ்வளவுதான்."

அந்தப் 'பாவம்' யாருக்கு விழுந்தது என்று கவனித்தீர்களா? நாத்தனார் தொலைபேசியை வைத்துவிட்டு மறுபடி சுவரில் பஞ்சை உருட்டினாள். ஆத்திரத்தில் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. சுவரில் உருட்டிய அதே பஞ்சைத் தூக்கி... வாயில் வைத்துவிட்டாள்.

உப்பு. ஊசல். பிசுபிசுவென்று ஏதோ நாக்கில் ஒட்டியது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அது வெதுவெதுப்பாக இருந்தது. தன் நாக்கின்மேல் இன்னொரு நாக்கு படுத்திருப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

ஓடிப்போய் வாசலில் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பினால், காய்ந்து கிடந்த குழி நனைந்திருக்கிறது. அதிலிருந்து நூல் மாதிரி ஒன்று இழுபட்டுத் தொங்கியது... அறுந்து விழுந்தது. சொத்.

அன்றிரவே நாத்தனார் எல்லாவற்றையும் எழுதினாள். இந்த அறையில் ஒரு பெண்ணைப் பட்டினி போட்டுக் கொன்றார்கள், பசிக்கு அவள் இந்தச் சுவரைத் தின்றாள், பல் பட்ட தடம் இருக்கிறது, அறையை இடிக்கக் கூடாது. ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை கொள்ளுப்பேரன் நேரிலேயே வந்தார். படித்தார். கோபப்படவில்லை.

"அடுத்து நாலு வீடு வேலைக்கு வருது. யாருக்குக் குடுக்கணும்னு முடிவு பண்ற கமிட்டியில நானும் இருக்கேன். உங்க வீட்டுக்காரருக்கும் வேலை இல்லேன்னு கேள்விப்பட்டேன். எதுக்குங்க வம்பு? புகைக்கறைன்னு ஒரே ஒரு வார்த்தை போடுங்க."

போட்டாள். எழுதியதைக் கிழித்துவிட்டு, 'பின்னறைச் சுவரில் புகைக்கறை, காக்கத் தக்கது ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச உலகத்தில் இருந்தது ஒரே ஒரு காகிதம். தூ... என்று துப்பத்தான் எனக்கு வாய் வருகிறது. வேண்டாம், இந்தக் கதையில் துப்புவதற்கு யோசிக்க வேண்டும்.

மறுவாரமே அங்கே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். நாத்தனார் வீடு அங்கிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவு. வீட்டுக்கு வந்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதை வாயில் வைத்தாலும் அந்த ஊசல். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். இதில் என்ன அசிங்கம் என்றால்... அவள் மெலியவில்லை. கன்னத்தில் சதை வைத்திருந்தது.

மூன்று மாதம் கழித்து, அந்த வீட்டில் வேலை பார்த்த ஒரு ப்ளம்பர் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்கதான அந்தப் பின்னறைச் சுவர் வேலை பாத்தீங்க? இங்க நாத்தம் தாங்கலைன்னு டைல்ஸக் கழட்டச் சொன்னாங்க. கழட்டுற வரைக்கும் அதுல ஒரு கீறல் இல்லக்கா. பின்னாடி பாத்தா ரெண்டு குழி இருக்கு. ஒண்ணு பழசு. இன்னொண்ணு... ஈரமா இருக்கு. தெரியாம விரல விட்டுட்டேன். எத்தனை தடவை சோப்பு போட்டும் அந்தப் பிசுக்கு போக மாட்டேங்குது. போட்டோ அனுப்புறேன், பாருங்க."

புதுக் குழி பழையதைவிட ஆழம். ஓரம் முழுக்கப் பல் தடம். மேல் வரிசையில் ஓர் இடத்தில் மட்டும் தடம் விட்டுப் போயிருந்தது, ஒரு பல் மூளியாக இருந்தால் எப்படி விடுமோ அப்படி.

அந்த மூன்று மாதமும் அவள் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. வீட்டுக்காரர் சாட்சி.

மறுநாள் காலை வழக்கம்போல் குழாயடியில் நின்று வாய் கொப்பளித்தாள். தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக விழுந்தது. தினமும் அப்படித்தான் விழுகிறது, பற்பசை என்றால் வெள்ளையாகத்தானே இருக்கும் என்று அவள் கவனித்ததே இல்லை.

அன்றைக்கு வீட்டில் பற்பசை தீர்ந்து போயிருந்தது.