மயிலாப்பூர் பஸ்ஸுக்கு விழாத ஓட்டு

எங்கள் மயிலாப்பூர் வர்த்தகர் சங்கம் பஸ்ஸை மனப்பூர்வமாக வரவேற்றது. அதற்கான வரியை மட்டும்தான் எதிர்த்தோம். சங்கத்தின் காரியதரிசி நான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சைதாப்பேட்டைக்கு பஸ் விடுவதற்காகக் கடைகளுக்கு வரி போடலாமா என்று கார்ப்பரேஷனில் ஓட்டெடுப்பு. கவுன்சிலர் சந்திரமௌலி ஐயர் கை தூக்கினால் வரி ஜெயிக்கும், தூக்காவிட்டால் தோற்கும். அவரோ தூக்குவதாக இருந்தார்.

"இன்னா சாமி, அந்த ஐயருக்கு எதுனா குடுத்து அமுக்கேன்" என்றார் அரிசி மண்டி தங்கவேல்.

"வாங்க மாட்டாரு நைனா. யோக்கியரு" என்றார் குடைக்கடை ஷரஃபுதீன், ஏதோ வியாதியைச் சொல்வதுபோல.

எனக்கும் லஞ்சம் பிடிக்காது. சந்திரமௌலி என் எதிர்வீட்டுக்காரர். சகுனம் பார்க்காமல் படி இறங்க மாட்டார். என் தங்கை தர்மாம்பாள், சின்ன வயதிலேயே தாலியறுத்து, தலை மழித்து, வீட்டோடு இருப்பவள்.

"பஸ் வந்தா நான் சைதாப்பேட்டைக்குப் போய் வாத்தியார் வேலைக்குப் படிக்கலாமோல்லியோ, அண்ணா?" என்று கேட்டிருந்தாள்.

"பேஷா" என்றிருந்தேன்.

அவளுக்கு வெளியே போக ஆசை. எனக்கோ ஐயர் வெளியே போகக் கூடாது. இரண்டையும் சேர்த்து யோசித்தேன், அவ்வளவுதான்.

ஓட்டெடுப்பன்று எதிர்வீட்டு வாசலில் குதிரை வண்டி வந்து நின்றதும், "கோயிலுக்குப் போயிட்டு வாயேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே மனம் நெகிழ்ந்தது. சந்திரமௌலி படி இறங்கினார், எதிரே அவள். உள்ளே போய்த் தண்ணீர் குடித்து உட்கார்ந்தார். "தேங்காயை மறந்துட்டியே" என்று அவளைத் திரும்பக் கூப்பிட்டு, அவர் மறுபடி கிளம்பும்வரை பேச்சுக் கொடுத்து, பிறகு அனுப்பினேன். தேங்காயை ஒளித்து வைத்ததும் நான்தான். இந்தத் தடவை அவர் கதவைத் தாழ்போட்டுவிட்டார். வண்டி வெறுமனே போயிற்று.

வரி தோற்றது. சங்கத்தில் போண்டா சாப்பிட்டோம். பஸ் வராததற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானமும் போட்டோம்.

"எதிராத்து மாமா என்னைப் பாத்துட்டு ரெண்டு தரமும் உள்ளே போயிட்டார்" என்றாள் தர்மாம்பாள். "அப்போ என்னாலதான் பஸ் போச்சா, அண்ணா?"

நான் பொய் சொல்கிறவன் அல்ல. ஆமாம் என்றேன்.

அதன் பிறகு அவள் வாசல்பக்கமே வருவதில்லை. இதில் என் குற்றம் என்ன என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவளைப் படிக்க அனுப்ப எனக்கு இன்றைக்கும் ஆட்சேபணை இல்லை. பஸ்தான் இல்லை.