மோரிப் கடலில் நின்றவள்

கிள்ளானில் ரயில் ஏறியதும் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். மோரிப் கடற்கரையில் சபைப் பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம் நடத்திவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. ஒருத்தி பாட்டு டீச்சர். மற்றவள் சமையலைக் கவனித்த அக்கா. பெட்டி முழுக்கப் பிள்ளைகள் சத்தம். ஒரு சிறுமி மட்டும் அக்காவின் மடியில் தூங்கினாள்.

“நான் கூப்பிட்டுத்தான் கடலுக்குள்ள போனாளாம்க்கா இந்த ரூத்து,” என்று தூங்கும் சிறுமியைக் காட்டினாள் டீச்சர்.

“நீ என்கூட அடுப்படியில வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தியே!”

“அதத்தான் நானும் சொன்னேன். இல்ல, நீங்க இடுப்பளவு தண்ணியில நின்னு கைய நீட்டினீங்கங்கிறா.”

“சம்பான் படகுல வந்த மலாய்க்காரரு தூக்காட்டி பிள்ள போயிருக்கும். பயத்துல ஒளறுது, விடு.”

“அவரும் பாத்திருக்காருக்கா. பிள்ளைய கரையில விட்டுட்டு, இன்னொரு பொம்பள தண்ணியில நிக்கிறான்னு திரும்பவும் தேடப் போனாரு. அப்பதான் நான் ஓடி வந்தேன். என் மொகத்தப் பாத்தாரு. அதோட தேடறத நிறுத்திட்டாரு.”

அக்கா ஜெபம் முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

கோலாலம்பூரில் வண்டி நின்றது. “எறங்கணும், எழுந்திரும்மா,” என்று டீச்சர் குனிந்தாள். சிறுமி கண் விழித்து அவளையே பார்த்தாள். மெதுவாகக் கை நீட்டி டீச்சரின் சேலைக் கரையைத் தடவினாள். காய்ந்திருந்தது.

அதன் பிறகுதான் எழுந்தாள்.