ஜாமேன்னா கண்டிப்பா

போனை எடுக்காமல் விட்டுவிடலாம். அடித்து அடித்துத் தானாக ஓய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு இந்த வீட்டுக்குப் போன் செய்கிறவன் அண்ணன் ஒருத்தன்தான். அவன் சொல்வதை அம்மாவுக்குச் சொல்கிறவள் நான் ஒருத்திதான். மில்லில் தறிச் சத்தத்தில் போன காது அம்மாவுக்கு. மில்லை மூடிப் பதினைந்து வருஷம் ஆகியும் அது திரும்பவில்லை. போனில் பேசுவதும் கேட்காது, மணி அடிப்பதும் கேட்காது. ஆனால் எதிரே கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மணி அடிப்பது என் முகத்தில் தெரிந்துவிட்டது.

"அல்லோ... ஆங், சொல்லுண்ணா... சரிதாதான். வேற யாரு எடுப்பா இந்த வீட்டுல?... இல்ல, சளி ஒண்ணும் இல்ல. தொண்டை கட்டிகினு இருக்குது... அழுவலண்ணா... அழுவலன்னு சொல்றேன்ல."

"ஆமாம்மா, அருள்தான்! அண்ணன்!... கேக்குறேன், கேக்குறேன், இரு... ண்ணா, சாப்ட்டியான்னு கேக்குது அம்மா... சாப்ட்டுச்சாம்மா!... என்னா சாப்ட்டன்னு கேக்குது... ரொட்டியா. வெறும் ரொட்டியா?... கறிக்கொழம்பாம்மா! கறிக்கொழம்பு!"

அம்மா சிரித்தாள். ஒரு வாரத்துக்கு அவளுக்கு அது போதும்.

"காலு அப்பிடியேதாண்ணா இருக்குது... ம்... ம். கட்டை வெரலும் பக்கத்து வெரலும் கறுப்பாயிடுச்சி... செவ்வாக்கிழமை. காத்தாலயே ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்துடணும்னு சொல்லிட்டாங்க. இப்ப எடுத்தா ரெண்டு வெரலோட போவும், இன்னும் நாள் தள்ளினா முட்டிக்குக் கீழ எடுக்கணும்னு டாக்டரம்மா தெளிவா சொல்லிட்டாங்க... சொல்லாம இருப்பனா? கத்திக் கத்திச் சொன்னேன். குருசுக்குப்பத்துக்கே கேட்டுச்சி, அதுக்குத்தான் கேக்கல... ஆமாம், அதேதான் சொல்லுது. அருளு வரட்டும், அவன் வந்து கையெழுத்து போடட்டும், அப்பறம் வெட்டுங்கன்னுது... நான் போட்டாலும் செல்லும்ணா. அதுக்கும் தெரியும். ஆனா உன்னப் பாக்காம எழுந்து வராது."

"என்னாது?... இரு இரு, வுட்டு வுட்டு கேக்குது... வரேன்னு சொல்லணுமா? செவ்வாக்கிழமைக்கா?... ஜாமே வந்துடுவேன்னு சொல்லணுமா... நெஜமா வரியா?... வரியாண்ணா?..."

ஜாமே. இந்த வீட்டில் அதற்குக் கண்டிப்பாக என்று அர்த்தம். பிரெஞ்சு வார்த்தை. அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்து, என்னிடமிருந்து அம்மாவுக்கு ஒட்டிக்கொண்டது. பால்காரரிடம்கூட அம்மா நாளைக்கு ஜாமே வந்துடணும் என்பாள். அந்த ஆளும் ஜாமே ஜாமே என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

"இருக்கேன், இருக்கேன். லைன்லதான் இருக்கேன். ண்ணா, நான் ஒண்ணு கேக்கட்டா?... அது இல்ல, வேற. நம்ப கோட்டான் படம் ஞாபகம் இருக்குதா?... கோட்டாண்ணா! சொல்தா மாமா வீட்டுல கேசட்டுல பாப்பமே. கறுப்புக் கோட்டு, ஆந்தை மூஞ்சி, கண்ணு மட்டும் மஞ்சளா... ஆங்! அதேதான்... சிரி, சிரி. தலகாணி உறைய முதுவுல கட்டிகினு தண்ணித் தொட்டி மேலேருந்து குதிச்சவ நானு. நீயாடா குதிச்ச? என் பல்லு இல்ல ஒடைஞ்சிது... ஆமாம், டாதான் போட்டேன். போடுவேன்."

அவன் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது.

"இன்னிக்கி டிவில போட்டாண்ணா. காத்தால பத்தரைக்கு. தமிழ்ல! கோட்டான் தமிழ்ல பேசுறான்... ஆங், நல்லா கரகரன்னு. எனக்குப் புடிக்கவே இல்ல. நம்ப கோட்டான் உன் கொரல்ல இல்ல பேசுவான்... பின்ன? படம் பூரா பிரெஞ்சுல ஓடும், நீ பக்கத்துல குந்திகினு ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லுவ. ஒரு வருஷம் பிரெஞ்சு கிளாசுல குந்துன ஆளு! சொல்தா மாமா பிரெஞ்சுப் பட்டாளத்துலயே சிப்பாயா இருந்துட்டு வந்தவரு, அவரு நாற்காலில கொறட்ட வுடுவாரு. நீ பேசுவ. நான் வாயத் தொறந்துகினு கேப்பேன்."

"கோட்டான்தான் அந்தப் பொண்ணோட அப்பான்னு சொன்ன. செத்துப் போனவரு, மூஞ்சிய மூடிகினு வந்து பொண்ணக் காவல் காக்குறாருன்னு... ம்... தெரியும்ணா. அப்பாவுக்குக் காரியம் முடிஞ்சி பத்து நாள்கூட ஆவல அப்போ. எனக்கு ஏழு வயசு, உனக்குப் பன்னெண்டு. எனக்காவத்தான் அப்பிடிச் சொன்ன... கோவம் இல்ல. சத்தியமா கோவம் இல்ல."

கோட்டான் கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று தெருவில் எல்லோரும் கல்லெறிந்து விரட்டுவார்கள். நான் மட்டும் வாசலில் போய் நிற்பேன், அப்பா வந்திருக்கிறார் என்று. இதை அண்ணனிடம் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

"அவன் அப்பா இல்லண்ணா. அந்தப் பொண்ணோட அப்பாவக் கொன்னதே அவன்தான்... ஆமாம். ஆள் தெரியாம கொன்னுட்டான். அது தாங்காமத்தான் அந்தப் பொண்ணு பின்னாலயே சுத்துறான். காவலும் இல்ல, ஒண்ணும் இல்ல... நீ அப்பவே கண்டுபுடிச்சிட்டியா?... படத்தப் பாத்தே தெரிஞ்சிதா. ஓ... எனக்குத் தெரியலியே. நான் படத்த எங்க பாத்தேன், உன் மூஞ்சியத்தான பாத்துகினு இருந்தேன்."

"கடைசில பாலம் வருமே. மழையில அந்தப் பொண்ணு கத்தும், திரும்ப வருவியான்னு. அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு கீழ குதிப்பான்... என்னா வார்த்தை? நீ சொல்லேன்... சொல்லுண்ணா... ம். ஜாமே. அதுக்கு என்னா அர்த்தம் சொன்ன?... ம். இன்னிக்கி தமிழ்ல என்னா சொன்னான் தெரியுமா? ஒருக்காலும் வரமாட்டேன்னுட்டுக் குதிச்சிட்டான்."

"நான் டிவிக்காரன்தான் தப்புத் தப்பா பேசுறான்னு நெனச்சேன். சோத்துக் கையோட ஓடினேன் சொல்தா மாமா வீட்டுக்கு. மாமா, ஜாமேன்னா கண்டிப்பாதானன்னு கேட்டேன். அவரு சிரிக்கிறாரு. ஒருநாளும் இல்லன்னு அர்த்தம்டி, எவன்டி உனக்கு மாத்திச் சொன்னான்னு கேக்குறாரு... சொல்லல. பள்ளிக்கூடத்துல எவனோன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"நீ பிரான்சுக்குப் போயி ஏழு வருஷம் ஆவுது. கொழந்தகூட ஜாமே ஜாமேன்னு பேசுமே அங்க. உனக்கு எப்போ தெரிஞ்சிது?... மொத வாரமேவா?... ம்... ம். அப்பறமும் சொன்னியேண்ணா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சொன்னியே. பொங்கலுக்கு ஜாமே வரேன், மாசி மகத்துக்கு ஜாமே வரேன்னு. எந்த அர்த்தத்துலண்ணா சொன்ன?..."

"அல்லோ?... அல்லோ... இருக்கியா?..."

"ஒண்ணும் இல்லம்மா! படத்தப் பத்திப் பேசிகினு இருக்கோம்!... படம்! சினிமா!... திட்டுது உன்ன. பிரான்சுலேருந்து போன் பண்ணிச் சினிமாப் பேச்சான்னு."

"என்னாது?... அண்ணிக்கு என்னா?... பிரிஞ்சி போயிட்டாங்களா? எப்போ?... ரெண்டு வருஷமாவா! ரெண்டு வருஷமா தனியாவா இருக்குற?... ஏண்ணா சொல்லல? அப்ப போன பொங்கலுக்கு அண்ணி குடுத்துவுட்டாங்கன்னு சென்ட்டு பாட்டில் வந்துதே... நீயேவா. பேரக்கூட நீயேவா எழுதின?... ம்..."

அந்தப் பாட்டிலை அம்மா இன்னும் பிரிக்கவில்லை. மருமகள் கொடுத்தது என்று சாமி மாடத்தில் வைத்திருக்கிறாள்.

"பேப்பரா?... அங்க தங்குறதுக்கா?... ம்... அண்ணியோட இருந்தாத்தான் பேப்பரப் புதுப்பிப்பாங்களா... ம். புரியுது. இப்ப வெளிய வந்தா திரும்ப உள்ள வுட மாட்டாங்க. புரியுதுண்ணா... வேலையும் போயிடும்... ம்... நீ அழுவாத. நீ அழுவாதண்ணா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அம்மா பாக்குது என்ன... இல்ல, சிரிச்ச மாதிரிதான் வச்சிகினு இருக்கேன் மூஞ்சிய."

"வேணாம்ணா. அத மட்டும் கேக்காத... தெரியும். நல்லதுக்குத்தான் சொல்ற. நீ வரன்னு சொன்னா இப்பவே எழுந்து ஆட்டோல ஏறிடும். எல்லாம் தெரியுது. கண்ணு முழிச்சி அருளு எங்கன்னு கேட்டா?... பிளேன் லேட்டு. சரி. அப்பறம்?... அப்பறம்ணா?"

"ஒண்ணு சொல்றேன், சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்தக் காயம் கல்லு குத்தி வர்ல... ஆமாம், நான்தான் சொன்னேன் கல்லுன்னு. செருப்புண்ணா. மாசி மகத்துக்கு நீ வரேன்னு புதுச் செருப்பு வாங்கிப் போட்டுகினு, காத்தால ஆறு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போயி குந்திகினுது. மெட்ராஸ் பஸ்சு வர வர எழுந்து போயி ஒவ்வொரு பஸ்சா பாத்துது. சாமியெல்லாம் வைத்திக்குப்பத்துல கடலுக்கு வந்து, தீர்த்தவாரி முடிஞ்சி, திரும்பியும் போயிடுச்சி. அம்மா வீட்டுக்கு வரல. நான் போயி கூப்ட்டேன், எழுந்திருக்கல. வெரல் சந்துல கொப்புளம் ஒடைஞ்சி செருப்பு பூரா ஈரம். சுகர் ஒடம்பு, ஆறவே இல்ல... நீ ஒண்ணும் பண்ணல... இரு, நான் சொல்றதக் கேளு. உன்னச் சொல்லல. கூப்ட்டப்ப ஏன் எழுந்திருக்கல தெரியுமா? அவன்தான் ஜாமேன்னு சொன்னானேன்னுது. அத நீ சொல்லி அதுக்கு எங்க கேட்டுது? என் வாயாலதான கேட்டுது."

"ஆங்?... இரும்மா! இரு, கேக்குறேன்!... எப்ப வரன்னு கேக்குது. கட்டில வுட்டு எறங்கப் பாக்குது. ம்மா, கால கீழ வைக்காத! வைக்காத!... என் கையப் புடிச்சிகினு கேக்குதுண்ணா... உனக்கே கேட்டுச்சா. ஆமாம், அதத்தான் கேக்குது. ஜாமேன்னானான்னு."

சொல்லிவிடலாம். இன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் பொய்கூட இல்லை. அம்மாவுக்கு அவள் அர்த்தம், எனக்கும் அண்ணனுக்கும் எங்கள் அர்த்தம். அம்மா எழுந்து வருவாள், விரலோடு போகும், கால் மிஞ்சும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் கை என் மணிக்கட்டில் சூடாக இருந்தது. காய்ச்சல் ஏறியிருக்கிறது.

"என்னா சத்தம் அது, கீங் கீங்குன்னு?... போன் கார்டு முடியுதா? எவ்ளோ இருக்குது?... ஒரு நிமிஷமா... இல்லண்ணா... கெஞ்சாத. நீ என்ன கெஞ்சக் கூடாது... அம்மா கால் போயிடுச்சின்னா நான் காரணம்னு சொல்றியா?... சொல்லல, சரி. ஆனா அப்பிடித்தான் ஆவும்னா ஆவட்டும்னு நான் சொல்வனா? காலப் புடிச்சாவது கூட்டிகினு போறேன். வரலன்னா... தெரியல. எனக்கு ஒண்ணும் தெரியல. அந்த வார்த்தைய மட்டும் நான் சொல்ல மாட்டேன்... கோவம் இல்லண்ணா. சொல்ல மாட்டேன், அவ்ளோதான்... இந்தா, அம்மா காதுல வைக்கிறேன். நீயே சொல்லு... கேக்காது. தெரியும். பரவால்ல, சொல்லு."

ரிசீவரை அம்மாவின் காதில் வைத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, நடுநடுவே தலையை ஆட்டினாள். அந்த ஒரு நிமிஷமும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டில் யாரோ கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது லைன் போயிருந்தது, கூவென்று நீளமாக ஒரு சத்தம். அம்மா இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"கட்டாயிடுச்சிம்மா... கட்டாயிடுச்சி! குடு, வச்சிடுறேன்... என்னா சொல்லுச்சா? உன் காதுலதானம்மா சொல்லுச்சி... இல்லம்மா. எனக்குக் கேக்கல."