நல்ல காருக்குள் கேட்காத சத்தம்

வீட்டில் நான் ரேடியோவைக்கூடச் சத்தமாக வைக்க மாட்டேன், சார்ஜென்ட். சத்தத்தால் பிழைக்கிறவனுக்கு அமைதிதான் பிடிக்கும்.

கார்ப் பந்தயக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு ஒலி பதிவது என் வேலை. வெளியே நின்று கேட்கிற உறுமலை யாரும் பதிந்துவிடலாம். ஓட்டுகிறவன் உள்ளே கேட்பது வேறு. கியர் பெட்டியின் கீச்சு, அடித்தகட்டில் கல் தெறிப்பது, ஹெல்மெட்டுக்குள் அவன் மூச்சு. அதற்காகத்தான் டாரில் பெட்டிஃபரின் பழைய பந்தயக் காருக்குள் மைக்குகளை ஒட்டினேன். இடம், ஹார்ஷம் ஊர்ப் பக்கம் இப்போது யாரும் பயன்படுத்தாத விமான ஓடுதளம். டாரில் என்னோடு பள்ளியில் படித்தவன். கேட்டதும் வந்தான்.

"டேய் லீத், நான் குசு விட்டா அதுவும் விழுமாடா?"

"விழும். அதுக்குன்னு தனியா ஒரு பட்டன் வைக்கச் சொல்றேன்."

சிரித்துக்கொண்டே காதடைப்பான்களைச் செருகிக்கொண்டான். அவற்றுக்குள் ரேடியோ உண்டு. என் குரல் கேட்கும். கார் பேசுவது அவனுக்குச் சரியாகக் கேட்காது. எனக்குத்தான் கேட்கும்.

சில சுற்றுகளில் முன்பக்க இடது சக்கரம் முனக ஆரம்பித்தது. பேரிங் போய்க்கொண்டிருந்தது. விளையாட்டுகளில் எல்லாக் கார்களும் நலமாகவே ஓடும். சாகப்போகிற காரின் உள்சத்தத்தை நான் எதிலும் கேட்டதில்லை. யாரும் அதுவரை ஓட்டமாட்டார்கள் அல்லவா?

"ஸ்டியரிங் லேசா உதறுதுடா. உள்ள வந்துரட்டுமா?"

"இங்க எல்லாம் சுத்தமா இருக்கு. இன்னும் ஒரு சுத்து போ. கொஞ்சம் வேகமா."

"உன் காது சொன்னா சரிதான்."

முனகல் அரைக்கும் சத்தமானது. அவ்வளவு நேர்மையான ஒலியை நான் கேட்டதே இல்லை.

"பிரேக் பிடிக்கலடா. லீத், உனக்கு என்னடா கேக்குது? சொல்லுடா."

நான் பேசவில்லை. பேசினால் என் குரலும் அவன் மைக்கில் விழுந்துவிடும். சக்கரம் கழன்று, கார் ஓடுதளத்தின் கடைசியில் இருந்த கான்கிரீட் தொட்டியில் மோதியது. பதிவைச் சேமித்துவிட்டு ஓடினேன். சேமிக்காமல் ஓடியிருந்தால் அவன் பட்டதெல்லாம் வீணாகியிருக்கும்.

"கடைசியா அவரு ஏதாவது சொன்னாரா, லீத்?" என்று அடக்கத்தன்று டாரிலின் மனைவி நோலீன் கேட்டாள்.

"இல்லம்மா. அவனுக்கு ஒண்ணுமே தெரியல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மனிதருக்கு மனிதர் செய்யக்கூடிய சின்ன உதவி அது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் வீட்டுப் புல்லையும் நான்தான் வெட்டிக் கொடுக்கிறேன்.

அந்தப் பதிவை விளையாட்டில் சேர்த்தபோது அவன் பேச்சை நீக்கிவிட்டேன். அது அவனுடைய அந்தரங்கம். மூச்சை மட்டும் விட்டுவைத்தேன். காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்று விளையாடுகிறவர்கள் எழுதுகிறார்கள்.

முழுப் பதிவும் இப்போது உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் போடாதீர்கள், சார்ஜென்ட். நல்ல ஹெட்போனில் கேளுங்கள். டாரிலுக்கு அந்த மரியாதையையாவது நாம் செய்ய வேண்டும்.