காற்றைத் தின்கிற டிரம்பெட்

பழைய டிரம்பெட் வாங்கப் போகிறவர்கள் முதலில் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். அது தப்பு, சார். பாலீஷ் போட்டால் தண்ணீர்க் குழாய்கூடப் பளபளக்கும். வாய் விரிந்த பக்கத்தில் ஒடுக்கு இருந்தால் முகம் சுளிப்பார்கள். அங்கே ஒடுக்கு இருந்தால் பார்க்கத்தான் அசிங்கம், சத்தம் கெடாது. ஊதுகிற பக்கத்துக் குழாயில்தான் கவனம் வேண்டும். உள்ளே விரல் விட்டால் சொரசொரவென்று இருக்கக் கூடாது. மூன்று வால்வையும் அமுக்கிவிட்டு விரலை எடுத்தால் சட்டென்று மேலே வர வேண்டும். எச்சில் வடிக்க அடியில் ஒரு துளையும், அதை மூட ஒரு சின்னத் தக்கையும் இருக்கும். தக்கை தேய்ந்திருந்தால் பாதிக் காற்று அந்த வழியாகவே போய்விடும். இழுப்புக் குழாயை உருவும்போது ‘டொப்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் எனக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜெயபாண்டி. செல்லூரில் பேயாண்டி அண்ணனுடைய பேண்டு செட்டில் இரண்டாவது டிரம்பெட். முதல் டிரம்பெட் அழகுபாண்டி மச்சான், என் அக்கா கனகலட்சுமியின் வீட்டுக்காரர். கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சி ஊர்வலம் என்று எதற்கும் போவோம். முதல் டிரம்பெட் பாட்டை ஊதும். இரண்டாவது பின்னால் நின்று முட்டுக் கொடுக்கும். இருபது வருஷம் முட்டுக் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. மச்சான் நல்ல மனிதர். தப்புக் கண்டுபிடிப்பது ஒன்றுதான் அவரிடம் இருந்த குறை. பிணத்துக்கு முன்னால் ஊதிக்கொண்டு போகும்போதே வாயை எடுத்து, “மாப்ள, அந்த இடத்துல இறங்கிட்ட” என்பார். செத்தவருடைய மகன் அழுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான்.

போன தை மாதம் திருவாதவூரில் ஒரு சடங்கு வீடு. சீர்த்தட்டுகளுக்கு முன்னால் ஊதிக்கொண்டு போன மச்சான் நடுத்தெருவில் மயங்கி விழுந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது என்றார்கள். ஆனி மாதம் ஆபரேஷன் என்று தேதி குறித்தாயிற்று. அதுவரை பாரம் தூக்கக் கூடாது, டிரம்பெட்டைத் தொடவே கூடாது, கக்கூஸில்கூட முக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் அக்கா கூச்சமில்லாமல் சொன்னாள். மச்சானுக்குத் தினமும் இரண்டு வாழைப்பழம் கொடுத்தாள்.

நான் முதல் டிரம்பெட் ஆனேன். மாசி மாதம் எனக்கு நன்றாகவே போனது. பிறகு மச்சானுக்கு வீட்டில் பொழுது போகவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து நாங்கள் ஊதுகிற இடத்துக்கெல்லாம் வர ஆரம்பித்தார். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து கேட்பார். முடிந்ததும் கூப்பிடுவார். முன்பு ஊர்வலத்துக்கு ஒரு தப்பு சொன்னவர் இப்போது ஏழெட்டுச் சொன்னார். அவருக்கு வேறு வேலை இல்லை. ஒரு நாள் எல்லோரும் டீ குடிக்கும்போது பேயாண்டி அண்ணன் என் தோளைத் தட்டி, “ஆபரேசன் முடிஞ்சு அழகுபாண்டி வார வரைக்கும் ஒப்பேத்துடா ஜெயபாண்டி” என்றார். அந்த வார்த்தையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் ஞாபகம் இருக்கிறது, பங்குனி இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை.

இதற்கிடையில் அஸ்வினிக்கு டிரம்பெட் வேண்டும் என்று வந்தது. அக்காவுக்கும் மச்சானுக்கும் அவள் ஒரே பெண், பதினொன்றாம் வகுப்பு போகிறாள். பள்ளி திறந்ததும் ஆகஸ்ட் பதினைந்துக்காக பேண்டுக்கு ஆள் எடுப்பார்களாம். மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன்னால் ஊதிப் பார்த்து வாங்க முடியாது என்பதால் என்னை அனுப்பினார். அனுப்பும்போது தக்கையைப் பார், வால்வைப் பார், விரல் விட்டுப் பார் என்று முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினார். எனக்கு, சார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

கருத்தக்கண்ணன் எங்கள் பக்கத்துச் சந்தில் பட்டறை வைத்திருக்கிறான். பேண்டுச் சாமான் பழுது பார்ப்பான், பழசு விற்பான். மூன்று டிரம்பெட் எடுத்து வைத்தான். முதலாவது நிறம் மங்கியது, மூச்சு விட்டாலே பேசியது. இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவதுக்குப் புதிதாக முலாம் பூசியிருந்தான், கண்ணாடி மாதிரி இருந்தது. ஊதிப் பார்த்தேன். ஒரு சுரம் எடுப்பதற்குள் என் காது அடைத்துக்கொண்டது. தக்கை போயிருந்தது, முதல் வால்வு தேய்ந்திருந்தது, உள்ளே குழாய் அரித்திருந்தது. வாங்கும்போது என்னென்ன இருக்கக் கூடாது என்று சொன்னேனோ அத்தனையும் அதில் இருந்தது.

அதைத்தான் கட்டச் சொன்னேன்.

கருத்தக்கண்ணன் யோக்கியன், மறைக்கவில்லை. “அண்ணே, அது காத்தைத் திங்கும். பிள்ளைக்குன்னா அந்த மங்கலை எடுத்துட்டுப் போங்க” என்றான். பிள்ளைக்குப் பளபளப்புதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் கணக்கு எளிது. அந்த டிரம்பெட்டில் அஸ்வினிக்குச் சத்தம் வராது. சத்தம் வராமல் பிள்ளை திண்டாடுவதை மச்சானால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதிலும் தப்பாக ஒரு சுரம் காதில் விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது. நான் அவரை ஊதச் சொல்லப் போவதில்லை. அவராக ஊதினால் அது அவர் இஷ்டம்.

சாயங்காலம் தோறும் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன், உதட்டை எப்படி வைப்பது, மூச்சை எங்கிருந்து எடுப்பது என்று. அவள் கன்னம் உப்ப ஊதுவாள், சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். மச்சான் சேரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னடா இது என்று என்னைக் கேட்டார். புதுசாகப் பழகுகிறாள், போகப் போக வரும் என்றேன். இடையிடையே அவளிடம், உங்கப்பாவாக இருந்தால் ஒரே மூச்சில் காட்டிவிடுவார் என்று சொல்வேன். அது உண்மைதான்.

ஒன்பதாம் நாள். மறுநாள் பள்ளியில் ஆள் எடுக்கிறார்கள். அக்கா பூ வாங்க மாட்டுத்தாவணிக்குப் போயிருந்தாள். அஸ்வினி ஊதி ஊதிப் பார்த்துவிட்டு டிரம்பெட்டை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். தனக்கு இது வராது என்றாள்.

மச்சான் எழுந்து வந்து, “குடு இங்கிட்டு” என்றார்.

அவள் கொடுக்கவில்லை. வேண்டாம்ப்பா என்று இரண்டு முறை சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார்.

“மாப்ள, ஒரே ஒரு சுரம்தான். ஒண்ணும் ஆகாதுல்ல?”

இந்த இடத்தில் நான் தடுத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அதை யோசித்தேன். யோசித்துவிட்டு, “மெதுவா ஊதுங்க மச்சான்” என்றேன்.

முதல் மூச்சு வீணாகப் போனது. நல்ல டிரம்பெட்டாக இருந்தால் அதற்குள் சுரம் வந்திருக்கும், அவரும் கொடுத்திருப்பார். அவர் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. காலை அகட்டி வைத்து இரண்டாவது மூச்சு எடுத்தார். கழுத்து நரம்பு விரல் தண்டிக்குப் புடைத்தது. சுரம் வந்தது, சார். அந்தக் குப்பையிலிருந்து அப்படி ஒரு சுரத்தை நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் எடுக்க முடியாது. அதை அப்படியே மேலே கொண்டு போய் நிறுத்தினார். எதிர்வீட்டில் தறிச் சத்தம் நின்றது.

பிறகு டிரம்பெட்டை மெதுவாகக் கட்டில் மேல் வைத்தார். என்னைப் பார்த்து, “இது லீக்காகுது மாப்ள. பாக்காமயா வாங்குன?” என்றார். நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. சாகும்போதும் எனக்கு ஒரு தப்பு சொல்லிவிட்டுத்தான் செத்தார்.

செட் முழுவதும் வந்து ஊதியது. நான்தான் முதல் டிரம்பெட். நன்றாகவே ஊதினேன், யாரும் எதுவும் சொல்லவில்லை.

அஸ்வினி, தான் அழுததால்தான் அப்பா ஊதினார் என்று பிடித்துக்கொண்டாள். “நான்தான் மாமா கொன்னுட்டேன்” என்றாள். தெரியாமல் நடந்ததற்கு நீ என்ன செய்வாய், மனசைத் தேற்றிக்கொள் என்று ஆறுதல் சொன்னேன். அவள் இப்போது பள்ளிக்குப் போவதில்லை. சாப்பாடும் சரியில்லை என்று அக்கா சொல்கிறாள். தினமும் போய்ப் பார்க்கிறேன். தாய்மாமன் வேறு எதற்கு இருக்கிறேன்.

எல்லாம் இத்தோடு போயிருக்கும். ஆனால் கருத்தக்கண்ணன் சும்மா இருக்கவில்லை. தான் சொல்லியும் கேட்காமல் ஜெயபாண்டி அண்ணன் ஓட்டை டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு போனார், முலாமைப் பார்த்து ஏமாந்துவிட்டார், பாவம் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறான். செட்டில் பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். போன வாரம் பேயாண்டி அண்ணன் செட்டுக்கு இரண்டு டிரம்பெட் வாங்கினார். பார்த்து வாங்கிவர யாரை அனுப்பினார் தெரியுமா, டிரம் அடிக்கிறவனை. “ஜெயபாண்டிக்கு அது பழக்கமில்ல” என்றாராம்.

அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். ஏமாந்து வாங்கவில்லை, சார். தக்கை, வால்வு, குழாய் மூன்றையும் சோதித்து, மூன்றும் கெட்டிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் வாங்கினேன். அந்தச் சாமான் அவரைக் கொல்லும் என்று தெரிந்தேதான் வாங்கினேன். எந்த செக்‌ஷன் போடுவது என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அஸ்வினியிடம் மட்டும் யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பாவம், சின்னப் பிள்ளை, மாமாவுக்கு டிரம்பெட் பார்த்து வாங்கத் தெரியாது என்று அவளும் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.